மாதமோ ஆடி, நேரமோ பதினொன்றரை

போன மாதம் ஒரு பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம், பாவம், மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடையேறி, மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு, இடது கையை விரித்து, "மாதமோ சித்திரை, நேரமோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை..." என்று ஆரம்பித்தான். வெளியே ஆடிக் காற்று ஷாமியானாவைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. காலை மணி பதினொன்றரை. நித்திரையில் ஒருத்தர்கூட இல்லை, பந்தல் பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணா ஒரு கூட்டத்துக்கு ராத்திரி தாமதமாக வந்து சொன்னதாக மேடைக்கு மேடை சொல்லப்படுகிற வரி அது. அந்த மாதம், அந்த நேரம், எதிரே கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருந்த ஜனம், மூன்றும் அந்த வரிக்குள் இருக்கின்றன, அதனால்தான் அது இத்தனை வருஷம் பிழைத்துக் கிடக்கிறது. பையனுக்கு எதுகை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வரியைச் சொல்வதற்கு முன்னால் அவர் எதிரே இருந்தவர்களை ஒரு தடவை பார்த்திருப்பார் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதில் நான் யோக்கியன் இல்லை. அவனுக்கு இரண்டாம் பரிசு. நானும் மார்க் போட்டிருக்கிறேன். கையில் கொடுத்த தாளில் 'உச்சரிப்பு', 'குரல் ஏற்ற இறக்கம்', 'உடல்மொழி', 'அவை வணக்கம்' என்றெல்லாம் கட்டம் இருந்தது, 'எங்களிடம் பேசினானா' என்ற கட்டம் இல்லை.

அன்றைக்கு மொத்தம் 27 பிள்ளைகள் பேசினார்கள். தலைப்பு கீழடி. 27 பேரில் பாதிக்கு மேல் "கல் தோன்றி மண் தோன்றா" என்று தொடங்கினார்கள், மூன்று பேர் அதையே தப்பாகத் தொடங்கினார்கள். எல்லாரும் 2,600 ஆண்டுகள் என்றார்கள். நாலு பேர் நடுவில் நின்றுபோனார்கள். நின்றுபோன நாலு பேரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: முந்தின வாக்கியத்துக்குப் போய், அங்கிருந்து ஓடிவந்து, அதே இடத்தில் மறுபடி முட்டிக்கொண்டார்கள். பல்லாங்குழி ரோட்டில் டூவீலர் பின்னால் போய் வேகமெடுத்து வந்து அதே குழியில் இறங்குவது மாதிரி.

எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் பத்தாம் வகுப்பில் மாவட்டப் போட்டியில் செய்தது அதேதான்.

எங்கள் தமிழய்யா எழுதிக்கொடுத்த பேச்சு. முழு நீளத் தாளில் ஒன்றரைப் பக்கம், மூன்று நிமிஷத்துக்குச் சரியாக வரும். பதினைந்து நாள் மொட்டைமாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தேன். எந்த வார்த்தைக்கு எந்தக் கை உயர வேண்டும் என்பதுவரை பென்சிலில் குறித்திருந்தது. மேடையில் ஏறி ஒரு நிமிஷம் பிரமாதமாகப் போனது. அப்புறம் "ஆகவேதான்" என்றேன். ஆகவேதான் என்ன? தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா முறுக்கு உடைக்கிற சத்தம் கேட்டது. அதுவரை அந்த அரங்கத்தில் மனிதர்கள் இருப்பதே எனக்குத் தெரியாது. பின்னால் போய் வந்தேன், மறுபடி "ஆகவேதான்". மூன்றாவது தடவை "ஆகவேதான்" என்றபோது பின்வரிசையில் யாரோ எனக்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். மணி அடித்தது. நன்றி வணக்கம் என்று இறங்கிவிட்டேன். அடுத்த ஒரு வருஷம் எனக்கு வகுப்பில் பெயர் ஆகவேதான்.

ரொம்ப நாள் அதை 'மேடை பயம்' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், அதற்கு மருந்தும் சொன்னார்கள். எதிரே இருக்கிறவர்களை எல்லாம் முட்டைக்கோஸ் என்று நினைத்துக்கொள், தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசு, ஒரு வாய் கல்கண்டு போட்டுக்கொள். இன்று யோசித்தால், எனக்கு ஜனங்களைப் பார்த்து பயமே இருந்ததில்லை. ஊர்த் திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளைக்காக மைக்கில் அறிவிப்புச் செய்தவன் நான், அதே வயதில். அங்கே வாய் உலரவில்லை. எனக்கு இருந்தது மறந்துவிடுமோ என்கிற பயம். சொந்தமாக ஒரு விஷயத்தைச் சொல்கிறவனுக்கு ஒரு வார்த்தை மறந்தால் இன்னொரு வார்த்தை வந்து நிற்கும். எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறவனுக்கு ஒரு வார்த்தை போனால் அதன் பின்னால் கட்டியிருக்கிற அத்தனையும் போகும், ரயில் பெட்டி கழன்ற மாதிரி.

வாய் உலர்வதும் கை நடுங்குவதும் வேறு சங்கதி, அது எல்லாருக்கும் உண்டு. நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யுமோ அதையே மேடையிலும் செய்கிறது, அட்ரினலின் ஏறுகிறது, இதயம் தடதடக்கிறது, எச்சில் சுரப்பது குறைகிறது, தொண்டைத் தசை இறுகுவதால் குரல் கீச்சென்று மேலே போகிறது. அது போக நேரம் ஆகும், போகாவிட்டாலும் பேசலாம். நெஞ்சு தடதடப்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. "ஆகவேதான்" மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சரி, ஆசிரியர்கள் ஏன் எழுதிக்கொடுக்கிறார்கள்? அவர்களைத் திட்டுவது சுலபம். தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது, முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. கிராமத்துப் பிள்ளைக்கு அது பெரிய பணம், பள்ளிக்கு அது பெயர். சுற்றறிக்கைக்கும் போட்டிக்கும் நடுவில் கிடைப்பது சில நாள்தான். அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது, ஒன்றரைப் பக்கம் உருப்போட வைக்கலாம். எங்கள் தமிழய்யாவும் தூக்கத்தை விட்டு எழுதிக்கொடுத்தவர்தான். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. இருந்தாலும் அந்த 'ஆகவேதான்' அவருடையது, என்னுடையது இல்லை. அதுதான் விஷயமே.

இப்போது சனிக்கிழமை காலைகளில் மானாமதுரைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். வகுப்பு என்று சொன்னால் பெரிய வார்த்தை. வேப்பமரத்தடி, ஒரு பழைய பெஞ்ச், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு எட்டாம் வகுப்புப் பெண், பெயரைச் சொல்ல வேண்டாம், சில்லு என்று வைத்துக்கொள்வோம், ஏன் என்று இப்போது தெரியும், எழுந்து கீழடி பேச்சை ஒப்பித்தாள். சிரம் தாழ்ந்த வணக்கம், கரம் குவித்த வணக்கம், எல்லா வணக்கமும் முடியவே நாற்பது விநாடி ஆனது. மூன்று நிமிஷத்தில் நாற்பது விநாடி. பிறகு வைகை நதி நாகரிகம், உலகின் மூத்த குடி, தமிழன் என்று சொல்லடா. சுத்தமாக ஒப்பித்தாள், ஒரு எழுத்து பிசகவில்லை.

"கீழடிக்குப் போயிருக்கியாம்மா?"

"போயிருக்கேன் சார். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க."

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்த இடம், 2017-18லிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது, 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், பார்க்க வேண்டிய இடம்.

"என்ன பார்த்தே?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பேச்சில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டுமோ என்று பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம், "கண்ணாடிப் பெட்டிக்குள்ள சில்லு வச்சிருந்தாங்க சார்" என்றாள்.

"என்ன சில்லு?"

"நொண்டி வெளையாடுற சில்லு சார். பானை ஓட்டை வட்டமா ஒடச்சு ஓரத்தைத் தேய்ச்சு வச்சிருந்தாங்க. நாங்களும் அப்படித்தான் சார் தேய்ப்போம், தண்ணித் தொட்டி சிமெண்டுல. கூரா இருந்தா தள்ளும்போது கால் வெரலைக் கிழிச்சுரும்ல? அவங்களும் தேய்ச்சிருக்காங்க சார். அப்ப அவங்களுக்கும் கால்ல கிழிச்சிருக்கும்ல?"

மற்ற பிள்ளைகள் தங்களை அறியாமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், கையால் தேய்த்துக் காட்டினாள், பேச்சில் ஒரு இடத்தில்கூட உயராத கை தானாக எழுந்து வேலை செய்தது. வைகைக் கரையில் யாரோ ஒரு பெண் பிள்ளை, இவள் வயதுதான் இருக்கும், காலில் ரத்தம் வந்ததற்காகப் பானை ஓட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 2,600 ஆண்டு என்பது எனக்கு முதல் தடவையாக அன்றைக்குத்தான் புரிந்தது.

"இதை ஏன் பேச்சில் சொல்லலை?"

"அது பேச்சு சார்."

இந்த மூன்று வார்த்தையைப் பற்றி ஒரு வாரம் யோசித்தேன். பேச்சு என்றால் தான் பேசாத ஒன்று என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்தப் 'பேச்சு'? தமிழ் மேடைக்குப் பெரிய பரம்பரை உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையது இல்லை. கோயிலில் உரைநடையில் பிரசங்கம் என்பதை ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தொடங்கியது 1847 டிசம்பர் 31ஆம் தேதி, பாதிரிமார் பிரசங்கத்துக்கு எதிர்ப்பிரசங்கமாக. அரசியல் கூட்டங்கள் ரொம்ப காலம் இங்கிலீஷிலேயே நடந்தன. கூலிவேலை செய்கிறவர்களை நிறுத்திவைத்துத் தமிழில் பேசியது சுதேசி காலத்தில்தான், 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள், கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஜெயித்தார்கள், மார்ச் 12ஆம் தேதி இரண்டு பேரையும் உள்ளே வைத்தார்கள். தீர்ப்பில் சிவாவுக்குப் பத்து வருஷம் தீவாந்தரம். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள், ஒன்று அவர் பேசியதற்கு, இன்னொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. மேல்முறையீட்டில் குறைந்தது, அது வேறு கதை. அடுத்தவர் பேசியதற்காக ஒரு ஆயுள் தண்டனை! பேச்சுக்கு அன்றைக்கு அந்த விலை இருந்தது. அவர்கள் பேசியது எதிரே நின்றவர்களின் கூலியைப் பற்றி, நின்றவர்களிடமே.

அதற்குப் பிறகு திரு.வி.க., பெரியார், அண்ணா. எனக்கு ஒரு குறை, பள்ளிக்கூட மேடை இவர்களில் அண்ணாவின் அடுக்குமொழியை மட்டும் எடுத்துக்கொண்டது, அதுவும் உறையை மட்டும். பெரியார் பேசுகிற விதத்தை எந்தப் பள்ளியும் சொல்லித்தரவில்லை. எதுகை கிடையாது, மோனை கிடையாது, வீட்டுத் திண்ணையில் பேசுகிற மாதிரி, "நான் சொல்றதை அப்படியே நம்பாதீங்க, யோசிச்சுப் பாருங்க" என்கிற தோரணையில் மணிக்கணக்காகப் பேசுவார். 94 வயதில் மூத்திரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் உட்கார்ந்து பேசினார், 1973 டிசம்பர் 19ஆம் தேதி தியாகராய நகரில் கடைசிப் பேச்சு, ஐந்து நாளில் இறந்துபோனார். அவரோடு உடன்படுகிறீர்களோ இல்லையோ, அந்தப் பேச்சு எங்கே நின்றாலும் 'ஆகவேதான்' என்று முட்டிக்கொள்ளாது. சாலமன் பாப்பையா பட்டிமன்றத்தில் மதுரைத் தமிழில் இழுத்துப் பேசுவதும் அந்த வழிதான், அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர், அவருக்குச் செந்தமிழ் வராமலா?

இன்னொன்று. திருக்குறளில் 72ஆம் அதிகாரம் அவையறிதல், 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. முதலில் அறிதல், அப்புறம் அஞ்சாமை. நாம் பிள்ளைகளுக்கு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு தைரியமா பேசு, தைரியமா பேசு என்று முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறோம். எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி தைரியம் தானாக வரும். முட்டைக்கோஸிடம் யாராலும் பேச முடியாது.

சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளைகளோடு என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. யாரும் முழுப் பேச்சை எழுதக் கூடாது, இது ஒன்றுதான் சட்டம். பஸ் டிக்கெட் அளவுத் துண்டுச்சீட்டில் மூன்று வார்த்தை. சில்லுவின் சீட்டில் 'கால் விரல், தேய்ப்பு, அந்தப் பொண்ணு' என்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும், அந்த ஆள் அந்த விஷயம் தெரியாத ஆளாக இருக்க வேண்டும். சில்லு அவளுடைய அப்பத்தாவிடம் சொன்னாள். அப்பத்தா நடுவில் நடுவில் "யாருடீ அவ?", "அது எந்த ஊரு?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி வந்த இடங்களில் எல்லாம் பேச்சில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், அடுத்த தடவை சொல்லும்போது அங்கே ஒரு வாக்கியம் சேர்ந்தது. மூன்றாவது தடவை அப்பத்தா கேள்வியே கேட்கவில்லையாம், "எங்க காலத்துல சோழி" என்று தன் கதையை ஆரம்பித்துவிட்டாராம். அந்தச் சோழியும் பேச்சுக்குள் வந்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் வார்த்தை மாறும். மாறட்டும். மாறுகிறவரை மறதிக்கு அங்கே வேலை இல்லை.

போனில் பதிவு செய்து கேட்கச் சொல்வேன், இதைத்தான் வெறுப்பார்கள். "ஐய, இது என் குரலே இல்ல சார்." நம் குரலை நாம் காது வழியாக மட்டும் கேட்பதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம், அதனால் உள்ளே கனமாகத் தெரிகிறது, வெளியே போனது மெலிசு. ஊரே இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மெலிசுக் குரலைத்தான், ஒருத்தரும் ஓடிப்போகவில்லை, அப்புறம் என்ன என்பேன். நாலு வாரத்தில் பழகிவிடுகிறது. பதிவில் வேறொன்றும் தெரியவரும்: வாக்கியக் கடைசியில் மூச்சு தீர்ந்து வினைச்சொல் தரையில் விழுகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது, 'வந்தான்' என்பதா 'வரவில்லை' என்பதா என்பதே அங்கேதான் தெரியும், அதைப் போய் விழுங்கினால் கேட்கிறவனுக்கு மொத்தமும் போச்சு. கடைசி வார்த்தை வரைக்கும் காற்று வைத்திரு, அவ்வளவுதான் என் குரல் பயிற்சி.

மைக்கைப் பற்றி நான் கற்றுக்கொண்டது எந்தப் பேச்சாளரிடமும் இல்லை, ஒரு மைக்செட்காரரிடம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் கொடை என்று அவர் கேட்ட பேச்சை நடுவர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைய போட்டியில் பார்த்தேன், ஆறாம் வகுப்புப் பொடியன் ஏறியபோது மைக் அவன் நெற்றிக்கு நேரே இருந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் "சத்தமா பேசு, சத்தமா" என்று கை காட்டினார்கள். அவர் ஒருத்தர்தான் எழுந்து போய், ஸ்டாண்டைத் திருகி இறக்கி, பையன் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் தன் நாலு விரலை வைத்து அளந்துவிட்டு வந்தார். பையன் குரல் கணீரென்று வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நாலு வெரல் சார். அதுக்கு மேல கிட்டப் போனா 'ப' வர்றப்பல்லாம் டொப் டொப்புன்னு குத்தும். வலையைக் கையால பொத்திப் பிடிக்கக் கூடாது, ஊளையிடும். பாக்ஸைப் பார்த்து மைக்கை நீட்டக் கூடாது, அதுவும் ஊளையிடும். தட்டவே கூடாது, ஊதவும் கூடாது, வணக்கம்னு சொல்லிப் பாருங்க, கேட்டுச்சுன்னா வேலை செய்யுது. இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல சார், ஆனா ஒரு ஸ்கூல்லகூட பிள்ளைக்கு முன்னாடி நாளே மைக்கைக் கையில குடுக்கிறதில்ல. ஏறின பிறகுதான் அதுங்க குரல் அவ்வளவு பெருசா வர்றதைக் கேக்குதுங்க. பயந்துராது?"

எவ்வளவு உண்மை. நான் முதல் தடவை மேடையேறியபோது என் குரல் இரண்டு பக்கமும் மோதித் திரும்பி வந்ததில் நானே திடுக்கிட்டது ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு பழைய மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் கொண்டுபோகிறேன். முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் அதில் கோழி மாதிரியும் மாரியம்மன் கோயில் அறிவிப்பு மாதிரியும் கத்திக்கொண்டிருப்பார்கள். விட்டுவிடுவேன். குரல் பெரிதாகக் கேட்பது சாதாரண விஷயம் ஆகிவிட வேண்டும்.

கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்றால் இங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் என்று அர்த்தம். என்னிடம் 23 சான்றிதழ் இருந்தது, எல்லாம் தமிழ்ப் பேச்சுப் போட்டி, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஃபைலில் போட்டு எடுத்துப் போனேன். குரூப் டிஸ்கஷனில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தோம், நான் பதினைந்து நிமிஷத்தில் பேசியது ஒரே ஒரு வாக்கியம், "ஐ அக்ரீ வித் ஹிம்". யாரோடு அக்ரீ பண்ணினேன் என்றுகூட நினைவில்லை. வெளியே வந்து இங்கிலீஷ் வராததால் போச்சு என்று எல்லாரிடமும் சொன்னேன், பாதி உண்மை. மீதிப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை: அங்கே அடுத்தவர் பேசுவதைக் கேட்டு, அதற்குப் பதிலாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. என் 23 போட்டியிலும் நான் யாரையும் கேட்டதே இல்லை. என் முறை வரும்வரை ஒரு மூலையில் நின்று சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அந்த குரூப் டிஸ்கஷன் தமிழில் நடந்திருந்தாலும் நான் ஊமையாகத்தான் இருந்திருப்பேன்.

பின்னால் சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போக ஆரம்பித்தேன், மேடையில் பேசப் பழகுகிறவர்கள் கூடுகிற சங்கம் அது. 1924இல் கலிஃபோர்னியாவில் சாண்டா அனா என்ற ஊரில் தொடங்கியது, இப்போது உலகம் பூராவும் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது மேடைப் பேச்சு இல்லை, 'ஆ கவுண்டர்' என்று ஒருத்தரை உட்காரவைப்பார்கள், நீங்கள் எத்தனை 'ஆ', எத்தனை 'உம்', எத்தனை 'ஸோ' போட்டீர்கள் என்று எண்ணிச் சொல்வதுதான் அவர் வேலை. முதல் நாள் எனக்கு 31. இரண்டு நிமிஷப் பேச்சில் 31. பேச்சை மதிப்பிட ஒருத்தர், மதிப்பிட்டவரை மதிப்பிட இன்னொருத்தர். அங்கேதான் நான் முதல் தடவையாக அடுத்தவர் பேச்சைக் கடைசிவரை கேட்டேன். வேப்பமரத்தடிக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டோம், எங்கள் ஆ கவுண்டர் ஒரு ஏழாம் வகுப்புப் பையன், ஒவ்வொரு 'வந்து'க்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவான், டக் என்று சத்தம் கேட்கும். என் டப்பாதான் சீக்கிரம் நிறைகிறது, அதில் அவர்களுக்குப் பரம சந்தோஷம்.

சரி, போட்டிக்கு வருகிறேன். அந்த 27 பேரில் சில்லுவும் இருந்தாள். என்னிடம் பழகுகிற பிள்ளை என்பதால் அவளுக்கு நான் மார்க் போடவில்லை, மற்ற இரண்டு நடுவர்கள் போட்டதன் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். அவள் வணக்கம் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, மூன்று விநாடி சும்மா நின்றாள், அது நாங்கள் பழகியது, பிறகு பாவாடைப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்துக் காட்டி, "இது எங்க தெருவுல கிடந்த ஓடு" என்று ஆரம்பித்தாள். பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கீழே பார்த்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் அவளுக்கும் மறந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் பாட்டுக்குக் கையிலிருந்த சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், "ஆங், அப்பத்தா சோழி சொன்னதைச் சொல்லலை" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு மேலே போனாள். சபை சிரித்தது. மைக்செட்காரர் வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

பரிசு இல்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை. தாளை அப்புறம் பார்த்தேன், 'அவை வணக்கம்' கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று, 'இலக்கிய மேற்கோள்' கட்டத்தில் சைபர். எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை, சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்தை முன்னால் வைத்துக்கொண்டு அந்த நடுவர்களிடம் கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன், அவர்களில் ஒருவர், "நல்லாத்தான் சார் இருந்துச்சு, ஆனா அது பேச்சு மாதிரி இல்லையே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? அப்பளத்தை உடைத்துச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை சில்லு வேறு ஒரு கவலையோடு வந்தாள். அவர்கள் ஊர் விலக்கில் சாயங்கால பஸ் நிற்பதில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இருட்டில் நடந்து வர வேண்டியிருக்கிறது, ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைச் சொல்ல வேண்டும். பேசுவதற்கு மூன்று வார்த்தைச் சீட்டுகூடத் தயார். ஆனால் கிராம சபை உறுப்பினர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பிள்ளை பேசினால் கைதட்டி உட்காரவைத்துவிடுவார்கள், தீர்மானமாக எழுத மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் அப்பத்தாவைப் பேசவைக்க முடிவு செய்துவிட்டாள்.

"சொல்லிக் குடுத்துட்டேன் சார். நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கல, அதுவாத்தான் சொல்லுது. போன வாரம் இருட்டுல பாம்பு பார்த்ததையெல்லாம் சேர்த்துக்கிச்சு, நல்லா வருது. ஆனா ஒரு பிரச்சினை சார், மைக்கைப் பார்த்தா மட்டும் கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்குது, ஷாக் அடிக்கும்ங்குது."

மைக்கையும் ஸ்பீக்கரையும் இந்த வாரம் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சார்ஜ் இரண்டு நாள் தாங்கும் என்று சொல்லியிருக்கிறேன், அதற்குள் அப்பத்தா கோழி மாதிரி கத்திப் பழகியாக வேண்டும்.